ஆண்டிமடத்தில் ஒரு மலாவி ஏரி

அக்கவுண்ட்ஸ் புத்தகத்தில் வரும் ராமுவையும் சோமுவையும் எல்லோருக்கும் தெரியும். எந்த வருடப் புத்தகத்தைத் திறந்தாலும் ஏதாவது ஒரு வியாபாரத்தைத் தொடங்கிக்கொண்டே இருப்பார்கள். அந்த ராமு ஆண்டிமடத்தில் குடியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குத் திடீரென்று ஆப்பிரிக்க சிக்லிட் மீன் வளர்க்கும் ஆசை வந்துவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம்.

ஆசை வருவதில் தப்பே இல்லை. நல்ல தண்ணீரில் வாழ்கிற மீன்களில் இவ்வளவு நிறம் காட்டுகிற கூட்டம் வேறு ஒன்றிரண்டுதான் இருக்கும். மஞ்சளும் நீலமும் கறுப்புக் கோடுமாக, கடல் மீனோ என்று சந்தேகம் வரும். சும்மா மிதந்துகொண்டிருக்கும் ஜாதியும் இல்லை. குழி பறிக்கும், கல்லுக்கு உரிமை கொண்டாடும், சண்டை போடும், குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பாற்றும். டிவி சீரியலை விட சுவாரசியம்!

சரி, ராமு என்ன செய்வான்? சென்னைக்குப் போகும்போது கொளத்தூருக்கு ஒரு நடை போவான். தமிழ்நாட்டில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தானே. இரண்டடித் தொட்டி ஒன்று, கலர் கல் இரண்டு பாக்கெட், பிளாஸ்டிக் செடி, 'மிக்ஸ் சிக்லிட்' பத்து, பாசி தின்ன 'டேங்க் கிளீனர்' ஒன்று.

"அண்ணே, இது எவ்ளோ பெருசு வளரும்?"

"தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் தம்பி வளரும்."

இந்த ஒரு வசனத்தை மீன் வாங்கிய எல்லோரும் எங்காவது கேட்டிருப்பார்கள். சுத்தப் பொய். சின்னத் தொட்டியில் மீன் குட்டையாகப் போவது வளர்ச்சி குன்றுவதால். ஒல்லியாகத் தெரிகிற குழந்தையைப் பார்த்து 'சின்ன வீட்டுக்குத் தகுந்த மாதிரி வளர்கிறான்' என்று யாராவது சொல்வார்களா?

ஐந்தாறு மணி நேர பஸ் பயணம் முடிந்து மீன் வீட்டுக்கு வரும். அன்றைக்கே தொட்டியில் தண்ணீர், அன்றைக்கே மீன். பத்து நாளில் நாலு செத்துப்போகும். இரண்டு மாதத்தில் மிச்சம் இரண்டு. அந்த இரண்டில் பெரியது சின்னதை ஒரு மூலையிலேயே நிறுத்தி வைக்கும். "இந்தக் கருமத்தை முதல்ல வெளியே எடுத்துட்டுப் போடா" என்று அம்மா சொல்கிற நாள் வரும். ராமு நல்லவன், கொல்ல மனசு வராது. ஒரு குடத்தில் மீனைப் போட்டு, கூடவே முக்கால் அடிக்கு வளர்ந்துவிட்ட டேங்க் கிளீனரையும் போட்டு, ஊர் ஏரியில் கொண்டுபோய் விடுவான். பாவம், பொழச்சுப் போகட்டும்!

இந்தக் கதையில் தப்பு கடைசிக் காட்சியில் நடந்த மாதிரி தெரியும். உண்மையில் அது முதல் நாளே நடந்துவிட்டது. ராமு முதலில் மீன் வாங்கினான், பிறகு தண்ணீரைப் பற்றி யோசித்தான், கடைசி நாளைப் பற்றி யோசிக்கவே இல்லை. வரிசை அப்படியே தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஆண்டிமடம் மாதிரி ஊரில் ஆப்பிரிக்க சிக்லிட் தாராளமாக வளர்க்கலாம். ஆனால் கடைசிச் செலவை முதலில் எழுதுகிறவர்தான் வளர்க்க வேண்டும்.

கடைசிச் செலவுக்குப் போகும் முன் மற்ற செலவுகளைப் பார்த்துவிடலாம்.

முதலில் தண்ணீர். கடைகளில் 'ஆப்பிரிக்கன்' என்று விற்கும் சிக்லிட்களில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் மலாவி ஏரி. ஆப்பிரிக்காவின் மூன்றாவது பெரிய ஏரி. ஆழம் சுமார் 700 மீட்டர். உலகில் வேறு எந்த ஏரியிலும் இல்லாத அளவுக்கு மீன் இனங்கள் அங்கே உண்டு. அதில் ஒரு பகுதியை 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததே இந்த மீன்களுக்காகத்தான். அந்த ஏரித் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. பிஎச் அளவு ஏறக்குறைய 7.7-லிருந்து 8.6 வரை. வெப்பம் 24-லிருந்து 28 டிகிரி. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணைக் குஞ்சுகள்தான் என்றாலும் உடம்பு அந்த ஏரிக்காகச் செய்யப்பட்ட உடம்பு.

இங்கேதான் அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். கிரெடேசியஸ் காலத்தில் அரியலூர் பக்கம் கடலாக இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை வைத்துத்தான் இத்தனை சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன. மலாவி மீனுக்கு வேண்டியதும் அதே சுண்ணாம்புக்கல்தான். பெருநகரத்துக்காரர் கடையில் பவுடர் வாங்கித் தண்ணீரைக் 'கடினமாக்கி'க்கொண்டிருக்கும்போது, இங்கே நாலு கிலோ சுண்ணாம்புக்கல் ஜல்லியைக் கழுவி ஃபில்டருக்குள்ளும் தொட்டிக்குள்ளும் போட்டாலே பிஎச் கீழே இறங்காமல் பிடித்து நிறுத்தும். கல் சுண்ணாம்புக்கல்தானா என்று சந்தேகமா? ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். ஒரே ஒரு வேண்டுகோள், கல் பொறுக்கப் போகிற இடத்தில் சிப்பி, நத்தை அச்சு பதிந்த கல் கிடைத்தால் அதை விட்டுவிடுங்கள். அதற்கு இடம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம். மீன்தொட்டி இல்லை.

ஆனால் 'நம்ம மாவட்டம் சுண்ணாம்பு மாவட்டம், அதனால் தண்ணீர் சரியாக இருக்கும்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆண்டிமடம் பக்கம் செம்மண்ணும் முந்திரித் தோப்பும். அரியலூர் போர் தண்ணீரும் ஆண்டிமடம் போர் தண்ணீரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, பக்கத்துத் தெருவிலேயே மாறும். குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பார்ப்பது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். ஒரு டெஸ்ட் கிட் வாங்கிச் சோதித்துவிடுவது நல்லது. பத்து மீனில் நாலு செத்தால் போகும் காசை விட அது பெரிய செலவு இல்லை. குழாயில் வருவது குளோரின் போட்ட தண்ணீராக இருந்தால் ஒரு நாள் பிடித்து வைத்து ஏர் பம்ப் ஓடவிட வேண்டும். போர் தண்ணீரிலும் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கலாம் என்பதால் அதற்கும் இதே வைத்தியம்.

அடுத்தது தொட்டி. 'முதலில் சின்னதாக ஆரம்பிப்போம்' என்ற புத்திசாலித்தனம் இந்த மீன்களிடம் பலிக்காது. பாறை இடுக்குகளில் வாழும் ம்புனா வகை வெறும் 4, 5 அங்குலம்தான் வளரும். ஆனால் ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு எல்லை வேண்டும். இரண்டடித் தொட்டியில் ஒரே ஒரு எல்லைதான் இருக்கும், மற்ற மீன்கள் ஓடி ஒளிய இடம் இருக்காது. குறைந்தது நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் போட்டால் 9 கன அடி, சுமார் 255 லிட்டர். தண்ணீர் மட்டுமே கால் டன்! கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். பழைய மர டேபிளை நம்பக் கூடாது. இரும்பு ஸ்டாண்ட், அதன் மேல் பலகை, அதன் மேல் தெர்மாகோல் ஷீட், பிறகுதான் தொட்டி. கற்களை மணலுக்கு மேல் அடுக்காமல் தொட்டித் தரையிலேயே ஒரு ஷீட் விரித்து அடுக்கிவிட்டு, அதைச் சுற்றி மணல் போட வேண்டும். இவை மணலைத் தோண்டும். கல் சரிந்தால் மீனும் போகும், கண்ணாடியும் போகும்.

மூன்றாவது செலவுக்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது ஓரளவு தாங்கக்கூடியது. இந்த பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். எல்லா மீனுக்கும் இது பொது என்றாலும் சிக்லிட்டுக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து. தண்ணீர் காரமாக இருக்க இருக்க அம்மோனியாவின் விஷம் ஏறும். பிஎச் 7.2-ல் இருப்பதை விட 8.2-ல் விஷமான பகுதி கிட்டத்தட்ட பத்து மடங்கு. கப்பி மீன் தாக்குப்பிடிக்கும் புதுத் தொட்டியில் சிக்லிட் சாவது இதனால்தான். மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் வருகிறவர்கள் எல்லாம் "மீன் எங்கேப்பா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நாலாவதுதான் மீன். 'மிக்ஸ் சிக்லிட்' என்று ஒரு மீன் உலகத்தில் இல்லை. அது கலப்புக் குஞ்சுகளும், பெயர் தெரியாதவையும், ஒத்துப்போகாதவையும் சேர்ந்த கூடை. பெயர் சொல்லி வாங்க வேண்டும். ஆரம்பிக்கிறவருக்கு எல்லோ லேப், ரஸ்டி மாதிரி ஓரளவு சாதுவானவை போதும். ஆராட்டஸ் குட்டியாக இருக்கும்போது தங்கக் கோடு போட்டு அழகாகத்தான் இருக்கும், வளர்ந்த பிறகு ரவுடி. ஒரு ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே பெண் மீன் துரத்தப்பட்டே சாகும். நாலடித் தொட்டிக்கு, நல்ல ஃபில்டர் இருந்தால், பதினைந்து போதும். ஓரளவு நெருக்கமாக வைத்தால் அடி ஒரே மீன் மேல் விழாமல் பரவும் என்பது சிக்லிட் உலகத்து விசித்திரம்.

தீவனத்திலும் பலர் பாசத்தைக் காட்டி மீனைக் கொல்கிறார்கள். ம்புனா பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பவை, குடல் நீளம். புழுவும் இறைச்சியும் கொடுத்தால் வயிறு வீங்கிச் சாகும், அதற்கு 'மலாவி ப்ளோட்' என்றே பெயர். ஸ்பைருலினா கலந்த தீவனத்தை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குக் கொடுத்தால் போதும்.

மாதச் செலவு? ஃபில்டரும் ஏர் பம்பும் சேர்ந்து 30 வாட், நாள் முழுக்க. விளக்கு 20 வாட், எட்டு மணி நேரம். இரண்டு மாதத்துக்கு சுமார் 53 யூனிட் வரும். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு நல்ல பங்கை மீன் குடித்துவிடும்! தண்ணீர், வாரத்துக்குக் கால்பங்கு மாற்ற வேண்டும், அதாவது நாலைந்து குடம். கழிவுத் தண்ணீரில் நைட்ரேட் இருப்பதால் முருங்கைக்கு ஊற்றலாம், வீணாகாது. ஹீட்டர் தேவைப்படாது, பிரச்சினை எதிர்ப்பக்கம். மே மாதத்தில் ஷீட் கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டி 32, 33 டிகிரி தொட்டுவிடும், சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. மூடியைத் திறந்து தண்ணீர் மேல் சின்ன ஃபேன் காற்று படவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கரண்ட் போனால் ஏர் பம்ப் மட்டுமாவது ஓட இன்வெர்ட்டரோ பேட்டரி பம்போ வேண்டும்.

இப்போது கடைசிச் செலவு. நன்றாக வைத்துக்கொண்டால் இந்த மீன்கள் எட்டு, பத்து வருடம் வாழும். இன்று இளங்கலை முதல் வருடம் படிப்பவர் வேலைக்குப் போய், ஊர் மாறி, கல்யாணம் ஆன பிறகும் தொட்டி ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் குஞ்சுகள் வேறு. பெண் மீன் மூன்று வாரம் சாப்பிடாமல் வாயில் சுமந்து ஒவ்வொரு தடவையும் பத்து இருபது குஞ்சு விடும். அத்தனையையும் தனித் தொட்டியில் காப்பாற்றினால் ஒரு வருடத்தில் வீட்டில் நூறு மீன். யார் வாங்குவார்? இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் இல்லாதவருக்கு ஏரிதான் பதிலாகும்.

ஏரியில் விட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, சந்தையில் கிடைக்கும் ஜிலேபி மீனே பதில். அதுவும் ஆப்பிரிக்க சிக்லிட்தான் என்பது பலருக்குத் தெரியாது! மொசாம்பிக் திலாப்பியா 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை, மக்களுக்கு மலிவாகப் புரதம் கிடைக்கட்டும் என்றுதான். கிடைக்கவும் செய்தது. இன்றைக்கும் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு ஜிலேபிதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாயில் குஞ்சு வளர்க்கும் அதே சாமர்த்தியத்தால் அது குளம் குளமாகப் பெருகியது. இருந்த இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டு உள்ளூர் மீன்களை நெருக்கியது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவி இனங்களின் பட்டியலில் இந்த மீனுக்கும் இடம் உண்டு. எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, திருப்பி எடுக்க முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால் அதன் சொந்த ஊரான ஆப்பிரிக்க ஆறுகளில், வெளியிலிருந்து கொண்டுவிட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து அதுவே அழியும் ஆபத்தில் இருக்கிறது.

சிக்லிட்கள் எப்போதும் வில்லன் என்று நினைக்க வேண்டாம். விக்டோரியா ஏரியில் கதை தலைகீழ். 1950-களில் அங்கே நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1980-களில் சுமார் 200 சிக்லிட் இனங்கள் காணாமல் போயின. மீன் எது என்பதை விட, இல்லாத இடத்தில் ஒரு மீனைக் கொண்டுபோய் விட்டதுதான் இரண்டு ஏரியிலும் நடந்த தப்பு.

ராமு விட்ட இரண்டு மீன் இவ்வளவு செய்யுமா? செய்யாமலும் போகலாம். கோடையில் ஏரி வற்றி அவை செத்தே போகலாம். அப்படியானால் 'பொழச்சுப் போகட்டும்' என்றது பொய்யாகிறது. பிழைத்தால் இன்னும் மோசம். நம் ஏரிகள் ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்தவை. ஐப்பசி கார்த்திகையில் ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்ததுக்குத் தண்ணீர் போகும், தண்ணீரோடு மீனும் போகும். டேங்க் கிளீனர் ஏற்கெனவே அப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி, வலையைக் கிழித்து மீனவர்களைக் கஷ்டப்படுத்துகிறது. அது ஆப்பிரிக்காவிலிருந்தோ வேறெங்கிருந்தோ நீந்தி வரவில்லை. தென்னமெரிக்க மீன், யாரோ வீட்டுத் தொட்டி வழியாக வந்தது. இதே மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வரும் பறவைகளுக்கு வேண்டியது நம் கெண்டையும் உளுவையும் விராலும்தான்.

"அப்படியானால் வெளிநாட்டு மீனே வேண்டாமே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஊருக்கென்றே சிக்லிட் உண்டு. கேரளக்காரர்கள் கரிமீன் என்று கொண்டாடி, 2010-ல் மாநில மீனாக அறிவித்த மீனும், அதன் சின்னச் சொந்தமான ஆரஞ்சு குரோமைடும் தென்னிந்தியா, இலங்கையின் சொந்த சிக்லிட்கள். குஞ்சுகளைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காவல் காக்கும் அழகு மலாவி மீனிடம் கிடைக்காது. பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் தடை போட்டு ஆசையை நிறுத்த முடியாது, பொறுப்பை வைத்துத்தான் நிறுத்த முடியும். பதினைந்து மீனோடு ஒழுங்காக நடக்கும் மலாவித் தொட்டி ஏரிக்கு எந்தக் கெடுதலும் செய்வதில்லை.

ஆக, ராமு முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். குஞ்சுகளைப் பிரித்து வளர்க்க மாட்டேன். (பெரிய தொட்டியிலேயே விட்டால் பெரும்பாலானவற்றைப் பெரிய மீன்களே தின்றுவிடும். கேட்கக் கொடூரமாக இருந்தாலும் மலாவி ஏரியிலும் அதுதான் நடக்கிறது.) அல்லது ஆண் மீன்கள் மட்டும் உள்ள பீகாக் தொட்டி வைப்பேன், குஞ்சே வராது. வேண்டாத மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைக்காரரிடம் மட்டும் மீன் வாங்குவேன். டேங்க் கிளீனர் வாங்கவே மாட்டேன், பாசியைக் கையால் துடைப்பேன். என்ன ஆனாலும் ஏரிக்குக் குடத்தோடு போக மாட்டேன்.

வருங்காலத்தில் வரப்போகும் பொறுப்புக்கு இன்றே ஒரு தொகையை ஒதுக்கி வைப்பதை அக்கவுண்ட்ஸில் 'புரொவிஷன்' என்பார்கள். பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிற பாடம்தான். தொட்டி வாங்கும் நாளில் அதை ஞாபகம் வைத்துக்கொண்டால் ராமு வீட்டு மலாவி ஏரி ராமு வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

கொசுறு: ஊரில் யாராவது மீனோடு ஏரிக்கரைக்குப் போவதைப் பார்த்தால் திட்டாதீர்கள். "தம்பி, கடைக்காரர்கிட்ட திருப்பிக் குடுத்துரலாம் வா" என்று கூட்டிக்கொண்டு போங்கள். அவன் கெட்டவன் இல்லை, அவனிடம் இதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.